வென்டல் ஜான்சன்

வென்டல் ஜான்சன் (ஏப்ரல் 16, 1906 - ஆகஸ்ட் 29, 1965) ஓர் அமெரிக்க உளவியலாளர், பேச்சு நோயியல் அறிஞர், எழுத்தாளர். திக்குவாய் பற்றிய ஆய்வில் 20 ஆம் நூற்றாண்டில் பெரும் தாக்கம் ஏற்படுத்தியவர்களுள் ஒருவர். இவரும் திக்குவாய் உடையவர். அயோவா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். குழந்தையின் இயல்பான பேச்சுத் தடுமாற்றத்துக்குப் பெரியவர்கள் திக்குவாய் என்று பெயரிட்டு, அதைத் திருத்த முற்படுவதே உண்மையான திக்குவாயை உண்டாக்குகிறது என்பது இவரது கோட்பாடு ஆகும். இக்கோட்பாட்டைச் சோதிக்க இவரது மேற்பார்வையில் 1939 இல் ஓர் அனாதை இல்லத்துச் சிறாரிடம் நடத்தப்பட்ட ஆய்வு பின்னாளில் அரக்க ஆய்வு என்று பெயர் பெற்றது. குழந்தைகளுக்குப் பேச்சு சிகிச்சை அளிப்போரின் அறக்கடமைகளைப் பற்றிய பாடங்களில் இவ்வாய்வு முக்கிய எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பிறப்பும் இளமையும்

ஜான்சன் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ராக்ஸ்பரி என்னும் சிற்றூரில், சுவீடிய வழிவந்த வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஐந்து அல்லது ஆறு வயதில் பள்ளியில் சேர்ந்தபோது, இவருக்குத் திக்குவாய் தொடங்குகிறது என்று ஆசிரியர் ஒருவர் பெற்றோரிடம் கூறினார். அதன் பின்னர் பெற்றோர் மகனின் பேச்சைக் கவலையுடன் கவனிக்கத் தொடங்கினர். சிறுவனும் தன் பேச்சைத் தானே கவனிக்கத் தொடங்கினான். திக்கல் வளர்ந்து கடுமையாயிற்று. ஆசிரியரின் அந்த ஒரு சொல்லே தன் திக்குவாய்க்கு வித்திட்டது என்று ஜான்சன் பிற்காலத்தில் நம்பினார். இவரது கோட்பாட்டின் வேர் இந்த நினைவிலேயே உள்ளது எனலாம்.

இளமையில் இவர் பலவகை வைத்தியங்களை முயன்று பார்த்தார். எதனாலும் நிலையான பயன் கிட்டவில்லை. மக்பெர்சன் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பயின்ற பின், திக்குவாய் பற்றிய ஆய்வு அயோவா நகரில் நடப்பதை அறிந்து 1926 இல் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

அயோவாவில் கல்வி

அக்காலத்தில் அயோவா பல்கலைக்கழகம் பேச்சுக் குறைபாடுகள் பற்றிய ஆய்வில் அமெரிக்காவின் முன்னணி மையமாக இருந்தது. உளவியலாளர் கார்ல் சீஷோரின் ஆதரவில் லீ எட்வர்டு டிராவிஸ் அங்குப் பேச்சு மருத்துவமனையை நடத்தி வந்தார். மூளையின் இரு பாதிகளுள் ஒன்று மற்றதன்மேல் போதிய ஆதிக்கம் பெறாததே திக்குவாய்க்குக் காரணம் என்பது அம்மையத்தின் அன்றைய கருத்து. இடக்கைப் பழக்கம் உடைய குழந்தையை வலக்கைக்கு மாற்றுவதால் இக்குழப்பம் நேர்கிறது என்று அவர்கள் கருதினர்.

திக்குவாய் உடைய மாணவர்களே அங்கு ஆய்வாளர்களாகவும் ஆய்வுக்கு உட்பட்டவர்களாகவும் இருந்தனர். பின்னாளில் புகழ்பெற்ற சார்லஸ் வான் ரைப்பரும் இவர்களுள் ஒருவர். ஜான்சன் தன் வலக்கையைக் கட்டி முடக்கிக்கொண்டு இடக்கையாளராக மாற முயன்றார். மின்னதிர்ச்சி போன்ற கடுமையான சோதனைகளுக்கும் இம்மாணவர்கள் தங்களை உட்படுத்திக்கொண்டனர். இச்சோதனைகளில் துன்பம் இருந்தபோதிலும், அவற்றின் நோக்கத்தை அறிந்த வளர்ந்தவர்களே அவற்றை ஏற்றனர் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் டாவன்போர்ட்டில் நடந்தது இதிலிருந்து வேறுபட்டது.

ஜான்சன் 1928 இல் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலைப் பட்டமும், 1929 இல் உளவியலில் முதுகலைப் பட்டமும், 1931 இல் முனைவர் பட்டமும் பெற்றார். தன் திக்குவாய் வாழ்க்கையை விவரித்து இவர் எழுதிய முதுகலை ஆய்வு 1930 இல் நூலாக வெளிவந்தது. 1929 இல் எட்னா என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் நிக்கோலஸ் ஜான்சன் 1966 முதல் 1973 வரை அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார்.

திக்குவாய்க் கோட்பாடு

பல ஆண்டுகள் முயன்றும் கைமாற்றத்தால் பயன் கிடைக்காததால், ஜான்சன் மூளை ஆதிக்கக் கருத்திலிருந்து விலகினார். ஆல்பிரட் கோர்சிப்ஸ்கியின் பொதுச் சொற்பொருளியல் இவரைக் கவர்ந்தது. நாம் ஒரு பொருளுக்கு இடும் பெயரும் அப்பொருளும் ஒன்றல்ல என்பதும், பெயரையே பொருளாக எண்ணி நடப்பதால் மனிதர் இடர்ப்படுகின்றனர் என்பதும் அச்சிந்தனையின் அடிப்படைகள். ஜான்சன் இதைத் திக்குவாய்க்குப் பொருத்திப் பார்த்தார்.

பேசக் கற்கும் வயதில் எல்லாக் குழந்தைகளும் சொற்களைத் திரும்பச் சொல்கின்றன, தயங்குகின்றன, நிறுத்தி மீண்டும் தொடங்குகின்றன. பெரும்பாலான பெற்றோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் மட்டும் இதைத் திக்குவாய் என்று முடிவு செய்து, மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்துப் பேசு என்று திருத்துகின்றனர். குழந்தை தன் பேச்சைக் கண்டு அஞ்சுகிறது. தடுமாறாமல் இருக்க எடுக்கும் முயற்சியே உண்மையான திக்கலாக மாறுகிறது. ஆகவே சிக்கலின் தொடக்கம் குழந்தையின் பேச்சில் இல்லை, கேட்பவரின் தீர்ப்பில் உள்ளது என்பதே ஜான்சனின் முடிவு. இது நோயறிதலால் தோன்றும் நோய் என்னும் கோட்பாடு என்று அழைக்கப்படுகிறது. திக்குவாயின் தொடக்கத்தைப் பற்றிய இவரது ஆய்வுக் கட்டுரை 1942 இல் வெளிவந்தது.

டாவன்போர்ட் சோதனை

பெயரிடுதல் உண்மையில் பேச்சை மாற்றுமா என்பதை அறிய ஜான்சன் ஒரு சோதனையைத் திட்டமிட்டார். அதை நடத்தும் பொறுப்பு மேரி டியூடர் என்ற முதுகலை மாணவியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு அப்போது வயது 22. அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரில் இருந்த போர்வீரர் மற்றும் கடற்படையினர் அனாதைச் சிறார் இல்லம் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தந்தையரை இழந்த சிறாருக்காகத் தோன்றிய இவ்வில்லம், பிற்காலத்தில் வறுமையாலும் குடும்பச் சிதைவாலும் வந்த குழந்தைகளையும் ஏற்றது. பல்கலைக்கழகத்தின் வேறு ஆய்வாளர்களும் 1930களில் அங்கு ஆய்வுகள் செய்து வந்தனர்.

1939 சனவரி முதல் மே வரை நடந்த இச்சோதனைக்கு 5 முதல் 15 வயது வரையிலான 22 சிறுவர் சிறுமியர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவர்களுள் 10 பேர் ஏற்கனவே திக்குவாயர் என்று இல்லத்தவரால் கருதப்பட்டவர்கள். மற்ற 12 பேர் இயல்பாகப் பேசியவர்கள். இவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்.

முதல் குழுவில் திக்குவாயர் எனக் கருதப்பட்ட 5 பேர் இருந்தனர். அவர்களிடம், உங்களுக்குத் திக்குவாய் இல்லை, இது ஒரு பருவம், கடந்து போகும் என்று கூறப்பட்டது.

இரண்டாம் குழுவில் அதே நிலையினர் 5 பேர் இருந்தனர். அவர்களது பேச்சு மற்றவர் சொல்வது போலவே குறையுடையது என்று கூறப்பட்டது.

மூன்றாம் குழுவில் இயல்பாகப் பேசிய 6 பேர் இருந்தனர். திக்குவாய் தொடங்குவதன் அறிகுறிகள் அவர்களிடம் உள்ளன என்றும், அதை உடனே நிறுத்த வேண்டும் என்றும், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாமலே இருக்க வேண்டும் என்றும் எச்சரிக்கப்பட்டது.

நான்காம் குழுவில் இயல்பாகப் பேசிய மற்ற 6 பேர் இருந்தனர். அவர்களது பேச்சு பாராட்டப்பட்டது.

குழந்தைகளின் பேச்சைக் கவனித்துத் திருத்துமாறு இல்லத்து ஆசிரியர்களிடமும் காப்பாளர்களிடமும் கூறப்பட்டது. நடப்பது சோதனை என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. தங்களுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்க ஒருவர் வந்துள்ளார் என்றே அவர்கள் நம்பினர்.

சோதனையின் விளைவுகள்

மூன்றாம் குழுவின் ஆறு குழந்தைகளிடம் விரைவில் மாற்றங்கள் தென்பட்டதாக டியூடர் தம் ஆய்வேட்டில் பதிவு செய்தார். அவர்கள் குறைவாகப் பேசினர். வாக்கியங்கள் சுருங்கின. பேசும்போது கூச்சமும் தயக்கமும் காட்டினர். சிலர் வகுப்பில் வாய் திறக்க மறுத்தனர். ஆனால் சொற்சரளத்தை அளந்த மதிப்பெண்களில் தெளிவான வீழ்ச்சி எதுவும் காணப்படவில்லை. அக்குழந்தைகள் திக்குவாயராக மாறவில்லை, பேசுவதற்கு அஞ்சுபவர்களாக மாறினர் என்று இதைச் சுருக்கிக் கூறலாம்.

சோதனை முடிந்த பின் டியூடர் தாமாகவே மூன்று முறை இல்லத்துக்குத் திரும்பிச் சென்று, குழந்தைகளின் பேச்சில் குறை இல்லை என்று கூறி அவர்களைத் தேற்ற முயன்றார். குழந்தைகள் காலப்போக்கில் மீளக்கூடும் என்றாலும் அவர்கள் மனத்தில் ஆழ்ந்த பதிவு ஏற்பட்டுவிட்டது என்ற பொருள்பட 1940 இல் ஜான்சனுக்கு எழுதினார். குழந்தைகளின் நலனைத் தொடர்ந்து கவனிக்க முறையான ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கப்பட்டது. ஆனால் ஜான்சன் அதை எந்த ஆய்விதழிலும் வெளியிடவில்லை, தம் பிற்கால நூல்களில் அதைச் சான்றாகக் காட்டவும் இல்லை. சக ஆய்வாளர்களிடையே அது அரக்க ஆய்வு என்ற பெயரால் பேசப்பட்டது. நாசி ஜெர்மனியில் மனிதர்கள் மீது நடந்த சோதனைகள் வெளிச்சத்துக்கு வந்த பின், அவற்றுடன் ஒப்பிடப்படும் என்ற அச்சமே ஜான்சனின் மௌனத்துக்குக் காரணம் என்று சிலர் கருதுகின்றனர்.

பிற்கால வாழ்க்கை

1943 முதல் 1955 வரை ஜான்சன் அயோவா பேச்சு மருத்துவமனையின் இயக்குனராக இருந்தார். 1943 முதல் 1948 வரை பேச்சுக் குறைபாடுகளுக்கான ஆய்விதழின் ஆசிரியராகவும், 1950 இல் அமெரிக்கப் பேச்சு மற்றும் செவித்திறன் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார். பொதுப் பள்ளிகளில் படிக்கும் பேச்சுக் குறைபாடுடைய மாணவர்களுக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். 1948 இல் வெளிவந்த பள்ளிச் சிறார் பற்றிய நூல் இத்துறை மாணவர்களுக்குப் பாடநூலாகப் பயன்பட்டது.

1946 இல் வெளிவந்த இவரது மிகப் புகழ்பெற்ற நூல் பொதுச் சொற்பொருளியலைப் பொதுமக்களுக்கு விளக்குவது. அடைய முடியாத இலட்சியத்தை வைத்துக்கொண்டு, அது கைகூடாமல் ஏமாற்றமடைந்து, முடிவில் மனந்தளர்ந்து போவதே மனிதரின் பொதுவான துயரம் என்று அதில் விளக்கினார். 1959 இல் திக்குவாயின் தொடக்கம் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். திக்குவாய் உடைய குழந்தைகளின் பெற்றோரையும் மற்றக் குழந்தைகளின் பெற்றோரையும் நேர்கண்டு திரட்டிய தகவல்களை அது ஒப்பிடுகிறது. 1961 இல் பொதுமக்களுக்கான மற்றொரு நூலும் வெளிவந்தது.

1965 ஆகஸ்ட் 29 அன்று, பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்துக்காகப் பேச்சுக் குறைபாடுகள் பற்றிய கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது, மாரடைப்பால் அயோவா நகரில் காலமானார். அயோவா பல்கலைக்கழகத்தின் பேச்சு மற்றும் செவித்திறன் மையத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது.

சோதனை வெளிவருதல்

டாவன்போர்ட் சோதனை பற்றி 1988 இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. எனினும் 2001 சூனில் சான் ஓசே மெர்க்குரி நியூஸ் நாளிதழ் அதைப் பற்றி எழுதிய பின்னரே பொதுமக்கள் அதை அறிந்தனர். முதுமையடைந்திருந்த அன்றைய குழந்தைகள் பலரும் தாம் ஒரு சோதனைக்கு உட்படுத்தப்பட்டதை அப்போதுதான் தெரிந்துகொண்டனர். வாழ்நாள் முழுவதும் பேசுவதற்குக் கூசியதன் காரணம் இதுவே என்று சிலர் கூறினர். அயோவா பல்கலைக்கழகம் அதே ஆண்டு மன்னிப்புக் கோரியது.

பாதிக்கப்பட்டோர் 2003 இல் அயோவா மாநிலத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற மாநிலத்தின் கோரிக்கையை அயோவா உச்ச நீதிமன்றம் 2005 இல் ஏற்க மறுத்தது. 2007 ஆகஸ்ட் மாதம் ஆறு பேர் சார்பில் 9,25,000 அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்க மாநிலம் உடன்பட்டது. அவர்களுள் சிலர் அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவர்களின் வாரிசுரிமைக்கு உரியோர் அதைப் பெற்றனர்.

ஜான்சனுக்கு ஆதரவான கருத்துகளும் உள்ளன. 1939 இல் மனித ஆய்வுகளுக்கு இன்றுள்ள விதிகள் இல்லை என்றும், இல்லக் குழந்தைகளிடம் ஆய்வு செய்வது அன்று வழக்கமே என்றும் சுட்டப்படுகிறது. மனிதர்மீது நடத்தும் சோதனைக்கு அவரது ஒப்புதல் இன்றியமையாதது எனக் கூறும் நியூரம்பர்க் நெறிகள் 1947 இல்தான் உருவாயின. அமெரிக்காவில் இதற்கான தேசிய ஆய்வுச் சட்டம் 1974 இல் வந்தது. எனினும் சக ஆய்வாளர்கள் அன்றே அதற்கு அரக்கன் என்ற பெயரைச் சூட்டியதும், டியூடர் தாமாகத் திரும்பிச் சென்றதும், எழுதப்பட்ட விதி இல்லாதபோதும் தவறு உணரப்பட்டது என்பதைக் காட்டுகின்றன.

கோட்பாட்டின் இன்றைய நிலை

ஜான்சனின் கோட்பாடு இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. டியூடரின் தரவுகளை 2002 இல் மறு ஆய்வு செய்த அம்ப்ரோஸ், யாய்ரி ஆகிய ஆய்வாளர்கள், பெயரிடுவதால் திக்குவாய் தோன்றும் என்ற முடிவுக்கு அவற்றில் ஆதாரம் இல்லை என்று கண்டனர். திக்குவாய்க்கு மரபும் மூளை இயக்கமும் முக்கியக் காரணங்கள் என்பது பின்னர் நிறுவப்பட்டது. பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வின் பயனாக, இதனுடன் தொடர்புடைய மரபணு மாற்றங்கள் 2010 இல் அறிவிக்கப்பட்டன. குழந்தைகளுள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு காலத்தில் திக்கல் தோன்றுகிறது. பெரும்பாலோர் அதிலிருந்து மீள்கின்றனர்.

வட அமெரிக்கப் பழங்குடியினருள் பானக், சோசோனி மக்களிடம் திக்குவாய் இல்லை, அதற்குச் சொல்லும் இல்லை என்று 1944 இல் ஜான்சன் எழுதினார். அவர்களின் மொழியில் அதற்குப் பல சொற்கள் உண்டு என்று 1983 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிட்னியில் 1980களில் உருவான லிட்கோம் முறையில், குழந்தையின் சரளமான பேச்சைப் பெற்றோர் பாராட்டுவதோடு, திக்கலையும் அவ்வப்போது மென்மையாகச் சுட்டுகின்றனர். இதனால் திக்கல் கூடாமல் குறைவதையே ஆய்வுகள் காட்டியுள்ளன.

இக்கோட்பாட்டுக்கு மற்றொரு விலையும் இருந்தது. பல தாய்மார்கள் தம் கவலையே குழந்தைக்குத் திக்குவாயைத் தந்தது என்று தம்மைப் பழித்துக்கொண்டனர். கவனத்தை ஈர்த்தால் நோய் வளரும் என்ற அச்சத்தால் சிறு குழந்தைகளுக்கு நேரடிச் சிகிச்சை அளிக்கச் சிகிச்சையாளர்கள் பல்லாண்டுகள் தயங்கினர்.

பேச்சு சிகிச்சை அறநெறியில் இவ்வாய்வு

இச்சோதனை அளவில் பெரியதன்று. கத்தியோ மருந்தோ அதில் பயன்படவில்லை. ஒரு பயிற்சியாளர் குழந்தையுடன் அமர்ந்து பேசியது மட்டுமே நடந்தது. பேச்சு சிகிச்சையாளரின் அன்றாடப் பணியும் அதுவே. இதனாலேயே இது அன்றாட அறநெறிக்கு எடுத்துக்காட்டாகிறது. இதிலிருந்து பின்வரும் கேள்விகள் எழுப்பப்படுகின்றன.

1. சொல்லின் பொறுப்பு. சிகிச்சையாளர் குழந்தையிடமோ பெற்றோரிடமோ கூறும் முதல் மதிப்பீடு நெடுங்காலம் நினைவில் நிற்கும். அது நோயை உண்டாக்காவிட்டாலும் அச்சத்தை உண்டாக்க வல்லது.

2. உண்மை கூறுதல். மூன்றாம் குழுவிடம் கூறப்பட்ட பொய் கண்டிக்கப்படுகிறது. திக்கிய குழந்தைகளிடம் உங்களுக்குத் திக்குவாய் இல்லை என்று கூறியதும் பொய்யே. குறையை மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் குழந்தைக்குப் புரியும் வகையில் கூறுவது இதைவிடக் கடினமானது.

3. ஒப்புதல். பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலுடன் குழந்தையின் விருப்பமும் கேட்கப்பட வேண்டும். தனக்காகப் பேச யாரும் இல்லாத குழந்தைக்கே இப்பாதுகாப்பு மிகுதியாகத் தேவை.

4. பணியாளர் மீதான அதிகாரம். டியூடர் தம் ஆசிரியரின் திட்டத்தைச் செயல்படுத்திய மாணவி. மேலிருப்பவர் சொன்னதைச் செய்பவருக்கும் மறுக்கும் உரிமையும் கடமையும் உண்டா என்பது இன்றும் பயிற்சி மாணவர்களிடம் விவாதிக்கப்படுகிறது.

5. தீங்கைச் சரிசெய்தல். ஒரு முறை தவறானது என்று தெரிந்தால் அதை நிறுத்துவதோடு கடமை முடிவதில்லை. பாதிக்கப்பட்டவரிடம் அதை வெளிப்படையாகக் கூறி, அவர் மீளும்வரை உடனிருக்க வேண்டும்.

தனக்கு இடப்பட்ட ஒரு பெயரால் தன் வாழ்க்கை மாறியது என்று நம்பியவர் ஜான்சன். அதே பெயரைப் பேச்சுக் குறையில்லாத ஆறு குழந்தைகளுக்கு இடுமாறு திட்டமிட்டவரும் அவரே. பேச்சு சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்ததில் இவரது பங்கும், டாவன்போர்ட்டில் நடந்ததற்கு இவரது பொறுப்பும் இத்துறையின் வரலாற்றில் சேர்த்தே பதிவாகியுள்ளன.